தாத்தா தொடாத நெகட்டிவ்

காட்டூர், திருச்சி
14.06.2025

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நான் ஜெர்லின். உங்கள் தங்கை சுஜாவின் மகள். நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. நீங்களும் மடத்தில் இருக்கும் மற்ற சிஸ்டர்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஜெபித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். நான் சுகம். பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டேன்.

நீங்கள் கிறிஸ்துமஸுக்கு அனுப்பும் வாழ்த்து அட்டையை அப்பா வருஷா வருஷம் கிழித்துவிடுவார். போன டிசம்பரில் ஜோதி சித்தி அதை முன்னாலேயே எடுத்து அரிசி டின்னுக்குள் போட்டு வைத்தார். சித்தியை அப்பா கல்யாணம் செய்துகொண்டு வந்தபோது நான் மூன்றாம் வகுப்பு. நல்லவர். அந்த அட்டையில்தான் உங்கள் முகவரி கிடைத்தது. அம்மா வீட்டு ஆட்களோடு பேசக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. அதனால் எல்லாரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன். பதிலை என் தோழி வஹீதாவின் அத்தாவுடைய லேத் பட்டறைக்கு அனுப்புங்கள். முகவரி கவருக்குப் பின்னால் இருக்கிறது.

அப்பாவின் அப்பா, என் தாத்தா, ஜனவரியில் இறந்துவிட்டார். பேப்பரில் பார்த்திருப்பீர்களோ என்னவோ. ‘ஸ்டில்ஸ் அமிர்தராஜ் மறைவு’ என்று பெரிய எழுத்தில் போட்டார்கள். சென்னையிலிருந்து இரண்டு நடிகைகள் வந்து அழுதார்கள். தாத்தா போட்டோ எடுத்தால் எந்த முகத்திலும் ஒரு வடு இருக்காதாம். “மூஞ்சில என்ன இருந்தாலும் எங்கிட்ட விட்டுடுங்க, நான் பாத்துக்கறேன்” என்பாராம். ஒரு ஹீரோவுக்குக் கோணல் மூக்கையே நேராக்கிவிட்டார். அந்த ஹீரோ ஆபரேஷனுக்கு வைத்திருந்த பணத்தில் தாத்தாவுக்கு லென்ஸ் வாங்கி அனுப்பினாராம்.

என்னையும் தாத்தா ஒரு தடவை லைட்டெல்லாம் போட்டு எடுத்தார். அப்போது எனக்கு நான்கு வயது. விடியவில்லை. ஸ்டூலில் உட்காரவைத்து, “கண்ண சிமிட்டாம தாத்தாவ பாரு செல்லம்” என்று சொல்லிக் கையில் மிட்டாய் கொடுத்தார். சினிமா ஸ்டார் மாதிரி இருந்தது. அந்தப் போட்டோவை மட்டும் நான் பார்த்ததே இல்லை.

எங்கள் ஹாலில் அம்மாவின் படம் மாட்டியிருக்கிறது. தாத்தா எடுத்ததுதான். வேறு படம் இல்லை, அம்மாவை யாரும் படம் எடுக்க அப்பா விடமாட்டாராம். அம்மாவின் வலது கண் வெள்ளையில் மிளகுத் துணுக்கு ஒன்று ஒட்டியது போல ஒரு கறுப்புப் புள்ளி. எனக்கும் அதே இடத்தில் இருக்கிறது. “இது உங்கம்மா குடுத்துட்டுப் போனது” என்று தாத்தா சொல்வார். அம்மா சின்ன வயதில் எப்படி இருந்தார்? அதைச் சொல்ல எனக்கு உங்களை விட்டால் ஆள் இல்லை.

முழந்தாள் வலி என்று அட்டையில் எழுதியிருந்தீர்களே, தேவலையா?

உங்கள் மகள்,
ஜெர்லின்


02.07.2025

என் செல்ல மகள் ஜெர்லினுக்கு,

ஆண்டவர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாராக. உன் கடிதம் கிடைத்தது. முழந்தாள் வலி அப்படியேதான் இருக்கிறது. அதைப் பற்றிக் கவலைப்படாதே.

எங்களுடையது அடைபட்ட மடம். யாரும் வெளியே போவதில்லை. என் தகப்பன் சாவுக்கும் நான் வரவில்லை, தங்கை சாவுக்கும் வரவில்லை. வரும் கடிதங்களையும் போகும் கடிதங்களையும் மதர் வாசிப்பார். இதை மனதில் வைத்துக்கொண்டு எழுது.

சுஜா ஓயாமல் பேசுவாள். கோவிலில் பிரசங்கத்தின் நடுவே சிரித்துவிட்டு என்னைக் கிள்ளுவாள், அடி எனக்கு விழும். இரவில் ஒரே பாயில் படுத்துக்கொண்டு, யார் முதலில் கண் சிமிட்டுவது என்று பந்தயம் வைப்போம். ஒவ்வொரு முறையும் அவள்தான் தோற்பாள். அத்தனை பக்கத்தில் அந்தக் கண்களைப் பார்த்தவள் நான். அவற்றில் புள்ளி எதுவும் இருந்ததில்லை மகளே. உனக்கு யாரோ தவறாகச் சொல்லியிருக்கிறார்கள்.

மூளைக் காய்ச்சல் அவளை இரண்டே நாளில் கொண்டுபோய்விட்டதாக உன் தாத்தா எனக்கு எழுதியிருந்தார். அந்த இரண்டு நாளும் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று உனக்குத் தெரியுமா? தெரிந்தால் எழுது.

நன்றாகச் சாப்பிடு. ஜோதி சித்தியை என் ஜெபத்தில் வைத்திருக்கிறேன் என்று சொல்.

உன் பெரியம்மா,
சிஸ்டர் லூர்துராணி


காட்டூர்
11.07.2025

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தைக் கொடுக்க வந்த போஸ்ட்மேன் “கோர்ட்டு நோட்டீஸா பாய்?” என்று வஹீதாவின் அத்தாவிடம் கேட்டாராம். “இந்தக் காலத்துல பேனாவால எழுதற ஆளு உங்க பெரியம்மா ஒருத்தங்கதான்டி” என்று வஹீதா என்னை ஓட்டித் தள்ளிவிட்டாள்.

அம்மாவுக்கு மூளைக் காய்ச்சலா? பாத்ரூமில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டதாகத்தான் எனக்குச் சொன்னார்கள். சித்தியிடமும் அப்படியே சொல்லியிருக்கிறார்கள். எது சரி? அப்பாவிடம் கேட்க முடியாது.

புள்ளியைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்ததும் நாற்காலி போட்டு ஏறிப் படத்தைப் பார்த்தேன். புள்ளி இருக்கிறது பெரியம்மா. வலது கண்ணில், என் புள்ளி இருக்கும் அதே இடத்தில். நீங்கள் மறந்திருப்பீர்கள்.

நல்ல செய்தி ஒன்று. அக்டோபர் பன்னிரண்டு தாத்தாவின் பிறந்த நாள். அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு ஹாலில் அவருடைய படங்களைக் கண்காட்சியாக வைக்கிறார்கள். நடத்துகிறவர் ஹரிஹரசுதன் சார். வீட்டுக்கு வந்து நடிகர்கள் படங்களையெல்லாம் சும்மா பார்த்துக்கொண்டே வந்தவர், அம்மா படத்துக்கு முன்னால் கன்னத்தில் கை வைத்து நின்றுவிட்டார்.

“பிரிட்டோ சார், எத்தனையோ ஸ்டார எடுத்திருக்கார் உங்க அப்பா. இதுதான் சார் அவரோட மாஸ்டர்பீஸ்! முடி காத்துல பறக்கறத பாருங்கோ. அந்தக் கண்ணுல என்ன ஒரு குழந்தத்தனம்! நம்ப பெருமாள் சந்நிதி தீபம் மாதிரின்னா இருக்கு. சுவர் உசரத்துக்குப் பெருசா போடணும், நெகட்டிவ் வேணும்.”

“வேணாம் சார். அது வீட்டுப் படம்” என்றார் அப்பா. சார் விடவில்லை. கடைசியில் அப்பா, “நெகட்டிவ் தொலைஞ்சு போச்சு சார். வேணும்னா பிரேமோட எடுத்துட்டுப் போங்க” என்றார்.

தாத்தா ஒரு நெகட்டிவைக்கூடத் தொலைத்ததில்லை. பிரிண்டில் எதை வேண்டுமானாலும் மாற்றுவார். நெகட்டிவில் பென்சில் முனைகூடப் படவிட மாட்டார். “பிரிண்டு மத்தவங்களுக்கு, நெகட்டிவ் கடவுளுக்கு” என்பார். ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு கவர் போட்டு, பெயர் எழுதி, அகர வரிசையில் அடுக்கி வைத்திருக்கிறார். கண்காட்சிக்காக நடிகர்கள் பெட்டிகளை ஸ்கேன் செய்யும் வேலை எனக்குத்தான். அப்படியே அம்மாவின் நெகட்டிவையும் தேடி எடுத்து அப்பா கையில் கொடுக்கப் போகிறேன். அவர் என்னைப் பாராட்டி ரொம்ப நாளாகிவிட்டது.

முழந்தாளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

ஜெர்லின்


30.07.2025

அன்பு மகளுக்கு,

கடவுளின் சமாதானம் உன் வீட்டுக்குள் வரட்டும். நான் நலம்.

நான் மறக்கவில்லை ஜெர்லின்.

உன்னிடம் சில கேள்விகள். நீ எந்த அறையில் படுக்கிறாய்? அந்தக் கதவுக்கு உட்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா? ஜோதி சித்தியின் தாய் வீடு எங்கே, அங்கே அவர் போய்வருகிறாரா? நெகட்டிவ் கிடைத்தால், என் வார்த்தைக்காக, அதை உடனே அப்பாவிடம் கொடுக்காதே. முதலில் எனக்கு எழுது.

உன் அம்மா எனக்குக் கடைசியாக எழுதியது ஒரு சின்னக் கடிதம். அதில் ‘நான் நன்றாக இருக்கிறேன்’ என்பது மூன்று இடத்தில் இருந்தது. அவ்வளவு பேசுகிறவளுக்கு எழுத வேறொன்றும் இல்லாமல் போயிற்று. அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை.

உன்னைக் காவல் சம்மனசுகள் சூழ்ந்திருக்கட்டும்.

பெரியம்மா


காட்டூர்
09.08.2025

பெரியம்மா,

சுகமா? நான் சுகம் என்று எழுத வரவில்லை.

நெகட்டிவ் கிடைத்துவிட்டது. இன்று அப்பா ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்க வேளாங்கண்ணிப் பக்கம் போயிருந்தார். ‘சுஜா’ என்ற பெயரில் கவரே இல்லை. சரி, என் போட்டோவையாவது பார்க்கலாம் என்று ‘ஜெர்லின்’ கவரைத் தேடினேன், இருந்தது. ‘பிப்ரவரி 2014’ என்று தாத்தாவின் கையெழுத்து. அம்மா இறந்த மாதம். உள்ளே இரண்டு நெகட்டிவ்கள் ஒரே கிளிப்பில் இருந்தன.

ஒன்றில் நான். நான்கு வயது முகம், கண்களை அகல விரித்துக்கொண்டு.

மற்றதில் அம்மா படுத்திருக்கிறார். தலைக்குக் கீழே தலையணை, அதன் மேல் முடி பரவிக் கிடக்கிறது. காற்றில் பறக்கவில்லை பெரியம்மா. கண்கள் மூடியிருக்கின்றன. கழுத்தில் இரண்டு பக்கமும் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. முதலில் மல்லிகைச் சரம் என்று நினைத்தேன். பிறகுதான், நெகட்டிவில் கறுப்பு வெள்ளையாகத் தெரியும் என்பது ஞாபகம் வந்தது. வஹீதா வீட்டுக்கு எடுத்துப் போய், அவள் போனில் படம் பிடித்து மாற்றிப் பார்த்தோம். அவை கறுத்துப் போன விரல் தடங்கள். வஹீதாவின் அம்மா பின்னாலிருந்து பார்த்துவிட்டு, “யா அல்லாஹ், இது யாரு?” என்றார்.

தாத்தா சினிமாவுக்குப் போவதற்கு முன்னால், பாலக்கரையில் ஒரு ஸ்டுடியோவில் இறந்தவர்களைப் படம் எடுக்கும் வேலையில் இருந்தார். உயிரோடு இருந்தபோது எடுத்த போட்டோ இல்லாத வீட்டில் சவத்தைப் படம் பிடித்து, நிமிர்த்தி, கண்ணைத் திறந்தது போலச் செய்து மாட்டக் கொடுப்பார்கள். செத்தவரின் கண் ஜாடை யாருக்கு இருக்கிறதோ அந்த ஆளை உட்காரவைத்து எடுத்து, அந்தக் கண்ணை ஒட்டுவார்களாம். இதைத் தாத்தாவே பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

ஹாலில் இருப்பது என் கண்கள். புள்ளி அம்மா எனக்குக் கொடுத்ததில்லை. அன்று விடியற்காலையில், அம்மா பக்கத்து அறையில் கிடந்தபோது, தாத்தா அதை என்னிடமிருந்து எடுத்து அம்மாவுக்கு வைத்திருக்கிறார். நான் மிட்டாய் தின்றுகொண்டிருந்தேன்.

“எங்கிட்ட விட்டுடு, நான் பாத்துக்கறேன்.” அன்றைக்கு இதைத் தாத்தா யாரிடம் சொல்லியிருப்பார்?

என் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. சித்தியின் தாய் வீடு லால்குடி. அவர் அங்கே போவதில்லை. வெயில் காலத்திலும் முழுக்கை ஜாக்கெட்தான் போடுகிறார். ஈஸ்டருக்கு எடுத்த குடும்பப் போட்டோவில் சித்தியின் கன்னத்தில் இருந்ததை அப்பா கம்ப்யூட்டரில் எடுத்துவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கெட்டிக்காரர் என்று நினைத்தேன்.

என்ன செய்யட்டும்? சீக்கிரம் எழுதுங்கள்.

ஜெர்லின்


காட்டூர்
26.08.2025

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

தினமும் வஹீதாவிடம் கேட்கிறேன், உங்கள் பதில் வரவில்லை. முழந்தாள் வலி அதிகமாகிவிட்டதா? இல்லை, நான் அப்படியெல்லாம் எழுதியது தப்பா?

நேற்று அப்பா பெட்டிகளைச் சரிபார்த்தார். நெகட்டிவ் எங்கே இருக்கிறது என்று அவருக்கும் இத்தனை நாள் தெரியாது போலிருக்கிறது. சார் கேட்டதிலிருந்து ஒவ்வொரு கவராக எடுத்துப் பார்க்கிறார். ‘ஜெர்லின்’ கவர் காலியாக இருந்தது.

“இதுல இருந்தது எங்க?” என்று என்னிடம் கேட்டார். சத்தம் போடவில்லை. அவர் மெதுவாகப் பேசினால்தான் பயம்.

நான் வாயைத் திறப்பதற்குள் சித்தி அடுக்களையிலிருந்து வந்து, “நான்தாங்க. பூச்சி அரிச்சிருந்துச்சு, குப்பையில போட்டுட்டேன்” என்றார்.

“நீயா? உனக்கு ஆனா ஆவன்னா தேடிக் கவரு எடுக்கத் தெரியுமாடி?”

“தூசி தட்டினேன், விழுந்துச்சு.”

அப்பா என்னை மாடிக்குப் போகச் சொன்னார். போய்விட்டேன். பெரியம்மா, நான் போய்விட்டேன்.

இன்று காலையில் சித்தி இடது கையால் தோசை ஊற்றினார். “படியில சறுக்கிருச்சுடி, நீ ஒண்ணும் நினைச்சுக்காத” என்றார். எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்கவே இல்லை. என் ஸ்கூல் பையைத் தைத்துக் கொடுத்தபோது அடிப்பக்கத்தில் ஒரு துணியை மடித்து வைத்து, நெகட்டிவ் நுழையும் அளவுக்குக் கொஞ்ச இடத்தைத் தைக்காமல் விட்டிருந்தார்.

அந்த நெகட்டிவை இதோடு, மாதா படத்துக்குப் பின்னால் ஒட்டி அனுப்புகிறேன். வீட்டில் இருக்கக் கூடாது. மதர் வாசிப்பார் என்பது தெரியும். வாசிக்கட்டும்.

ஜெர்லின்


காட்டூர்
27.09.2025

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நீங்கள் நலமாக இருப்பதாகவே நினைத்துக்கொள்கிறேன். காலாண்டுத் தேர்வு முடிந்தது. கணக்கு சரியாக எழுதவில்லை.

போன கடிதத்துக்கும் பதில் இல்லை. தபாலில் தொலைந்திருந்தால் என்னிடம் இருப்பது வஹீதாவின் போனில் உள்ள படம் மட்டும்தான்.

கண்காட்சித் திறப்பில் அம்மா படத்துக்குப் பக்கத்தில் நான் நிற்க வேண்டுமாம். “தாயும் பொண்ணும், அதே கண்ணு! பேப்பர்காரா படம் எடுத்துப்பா. நீ தாத்தாவப் பத்தி நாலு வார்த்த பேசினா போறும் குழந்தே” என்று ஹரிஹரசுதன் சார் சொல்லிவிட்டார். பேச வேண்டியதை அப்பாவே எழுதிக் கொடுத்திருக்கிறார். மனப்பாடம் செய்கிறேன். ‘என் தாத்தா முகங்களில் உள்ள குறைகளை அன்பால் துடைத்தவர்’ என்று ஆரம்பிக்கிறது.

இனி எழுத மாட்டேன். உங்களுக்குத் தொந்தரவு கொடுத்திருந்தால் மன்னித்துவிடுங்கள்.

ஜெர்லின்


08.10.2025

என் மகளே,

நீ எழுதியது எதுவும் தப்பில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆகஸ்டில் எங்களுக்கு முப்பது நாள் மௌன தியானம். அந்த நாட்களில் கடிதங்கள் கைக்கு வராது. உன்னிடம் அதை முன்பே சொல்லாதது என் பிழை. தியானம் முடிந்த பின்பும் உன் கடிதங்களை மதர் தன் மேசையிலேயே வைத்திருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு மாதா படத்தைக் கையில் கொடுத்தார். “இது உங்க தங்கச்சிதானா, பார்த்துச் சொல்லுங்க” என்றார். ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். பதினேழு வருஷத்துக்குப் பிறகு அவளைப் பார்க்கிறேன். எனக்குப் பிடித்தமான முகம்தான், மூடிய கண்ணோடு. பந்தயத்தில் தோற்றதும் அப்படித்தான் மூடிக்கொள்வாள்.

உன் தாத்தா அதை ஏன் எரிக்காமல் வைத்தார் என்று யோசித்து உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. தொழில் நேர்மையா, மனச்சாட்சியா, எனக்கும் விளங்கவில்லை. உன் பெயர் எழுதிய கவரில் வைத்தார் என்பது மட்டும் நிஜம்.

திருச்சியில் வக்கீலாக இருக்கும் ஒரு சிஸ்டரிடம் நெகட்டிவ் போய்ச் சேர்ந்துவிட்டது. நான் வெளியே வர மறைமாவட்ட ஆயரிடம் மதரே அனுமதி கேட்டிருக்கிறார். கிடைத்ததும் வருகிறேன். அதுவரை நீ எதுவும் செய்யாதே. அப்பா சொல்கிறபடி பேசிவிட்டு வா.

பெரியம்மா


திருச்சி
14.10.2025

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்று சாயங்காலம்தான் வஹீதா கைக்கு வந்தது. அதற்குள் நடந்துவிட்டது.

ஹாலில் நல்ல கூட்டம். அம்மா படத்தைத் தனிச் சுவரில், விளக்கு போட்டு வைத்திருந்தார்கள். கீழே ‘மருமகள்’ என்று தலைப்பு. ஜனங்கள் வரிசையில் வந்து, படத்தையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்து, “அப்பிடியே இருக்கா பாரேன்” என்றார்கள். ஒரு அம்மாள் என் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, “புள்ளிகூட அதே எடத்துல!” என்று சிரித்தார். சித்தி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். வஹீதாவும் அவள் அம்மாவும் வந்திருந்தார்கள்.

மைக்கைக் கொடுத்தார்கள். ‘என் தாத்தா’ என்று ஆரம்பித்தேன். மேலே வரவில்லை. போட்டோகிராபர்கள், “பாப்பா, இங்க பாரு, இங்க பாரு” என்றார்கள். தாத்தாவின் குரல் மாதிரியே இருந்தது. கண்களை மூடிக்கொண்டேன்.

“கண்ண தொறம்மா.”

நான் திறக்கவில்லை. “எங்கம்மா கண்ணு இப்படித்தான் இருந்துச்சு. இந்தப் படத்துல இருக்கறது என்னோடது. எங்கம்மா செத்ததுக்கு அப்புறம் எடுத்த படம் இது” என்றேன். கழுத்தைப் பற்றியும் சொன்னேன்.

பிறகு என் மேல்கையில் அப்பாவின் விரல்கள். “கண்ணைத் தொற” என்று காதோரம் மெதுவாகச் சொன்னார். இறுக்கினார். “கண்ணைத் தொறடி.” “விடுங்கோ சார், குழந்தைய விடுங்கோ!” என்று ஹரிஹரசுதன் சார் கத்தியது கேட்டது. வஹீதாவின் அம்மா என்னைத் தன் பக்கம் இழுத்து முந்தானைக்குள் அணைத்துக்கொண்டார். நான் கண்ணைத் திறந்தபோது அப்பா அங்கே இல்லை. கடைசி வரிசையில் சித்தியும் இல்லை. “‘ஜோதி, வா’ன்னு உங்கப்பா ஒரே வார்த்தை, சித்தி எழுந்து போயிட்டாங்கடி” என்று வஹீதா சொன்னாள். அது எனக்குக் கேட்கவே இல்லை. மூடாமல் இருந்திருந்தால் பார்த்திருப்பேன். கூப்பிட்டிருப்பேன்.

அன்று ராத்திரி வஹீதா வீட்டில் இருந்தேன். அவள் அம்மா குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்ததில், மறுநாள் அதிகாரிகள் வந்து என்னை ஒரு இல்லத்தில் சேர்த்தார்கள். வக்கீல் சிஸ்டர் வந்து பார்த்தார். பழைய சாவு, நாளாகும் என்றார். சித்தியிடம் கேட்டார்களாம். தனக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டாராம்.

இன்றைய பேப்பரில் கண்காட்சிச் செய்தி வந்திருக்கிறது. நான் பேசியதைப் பற்றி ஒரு வரி இல்லை. செய்தியோடு வந்த படத்துக்குக் கீழே ‘பட உதவி’ என்று அப்பாவின் ஸ்டுடியோ பெயர். அம்மா படத்துக்குப் பக்கத்தில் மைக்கோடு நான் நிற்கிறேன். என் கண்கள் திறந்திருக்கின்றன.

பெரியம்மா, அனுமதி கிடைத்து நீங்கள் வரும்போது முதலில் இங்கே வர வேண்டாம். இங்கே சாப்பாடு கொடுக்கிறார்கள், என் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது. நீங்கள் நேரே காட்டூருக்குப் போங்கள். சித்தி சுகமாக இருப்பதாக அப்பா போட்டோ காட்டுவார், நம்பாதீர்கள். சித்தியே வாசலுக்கு வந்து “நான் நல்லாத்தான் இருக்கேன்” என்பார், அதையும் நம்பாதீர்கள். மூன்று தடவை சொன்னால் கட்டாயம் நம்பாதீர்கள். பக்கத்தில் போய், தலைப்பை விலக்கி, கழுத்தைப் பாருங்கள்.

முழந்தாள் வலித்தாலும் சீக்கிரம் வாருங்கள்.

உங்கள் மகள்,
ஜெர்லின்